நம் பாத்தி மண் யார் வாசலில்?



செப்டெம்பர் பிறந்துவிட்டால் கண்டிப் பக்கத்தில் பெரும்போகப் பேச்சு ஆரம்பமாகிவிடும். ஒக்டோபரில் பிற்பகல் இடி மழை வலுக்குமுன் பாத்தி வெட்டி பயற்றங்காய், வெண்டி, கொச்சிக்காய் போட்டுவிட வேண்டும். 2022 இல் பொருள் விலைகள் ஏறியபோது வீட்டுத் தோட்டத்தின் அருமையை எல்லோரும் உணர்ந்தோம். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற கருத்தில் புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் உண்டு. நானும் இதைப் பலமுறை பயான் செய்திருக்கிறேன்.

ஆனால் இன்று சொல்ல வந்தது வேறு. நம் வீடுகள் சமதரையிலா இருக்கின்றன? அக்குறணை, மடவளை, கல்ஹின்னை என்று எங்கு போனாலும், ஒருவர் முற்றத்தின் மட்டத்தில் இன்னொருவர் கூரை இருக்கும். சில வருடங்களுக்கு முன் நான் மேலிருந்து கீழாக நீளப் பாத்தி வெட்டினேன். பார்க்க அழகுதான். முதல் பெருமழையிலேயே மண், எரு, விதை எல்லாம் கீழ் வீட்டுக் குசினி வாசலில்! அந்தத் தாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸுபஹுக்குப் பின் அவர் சேறு வாரிக்கொண்டிருந்ததை என் மனைவிதான் கண்டு வந்து சொன்னார். அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திக்கொண்டே இருந்ததால், வாரிசுரிமையும் கொடுத்துவிடுவார்களோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணியதைப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன் நான். அன்று வகுப்பில் அந்தப் பாடத்தைத் திறக்க மனம் வரவில்லை.

ஆகவே சகோதரிகளே, பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே வெட்டுங்கள். அதன் கீழ் விளிம்பில் அன்னாசியோ வெட்டிவேரோ வரிசையாக நடுங்கள். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வடிகானில் இடைக்கிடை சிறு குழி தோண்டினால் வண்டல் அங்கே தங்கும். மழை விட்டதும் அதை அள்ளிப் பாத்தியிலேயே போடலாம். வேலியில் கிளிரிசீடியா இருந்தால் அதன் இலையை வெட்டி மண்மேல் பரப்புங்கள். அது மழைத்துளியின் அடியைத் தாங்கும், உக்கினால் பசளையும் ஆகும். செம்மண் தெரியுமட்டும் கூட்டிப் பெருக்கும் வழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. முற்றத்துக்கு அது சரி, சரிவு நிலத்துக்கு வேண்டாம். கூரைப் பீலியின் தண்ணீரையும் மண் திட்டின்மேல் விழ விடாதீர்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி மழையில் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் இடிந்ததைக் கண்டோம். எத்தனை வீடுகள், எத்தனை உயிர்கள்! அவ்வளவு பெரிய சரிவை நம் பாத்தி தடுத்துவிடாது. ஆனால் கொத்தப் போகுமுன் காணியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஏதும் தென்பட்டால் மண்வெட்டியை வைத்துவிட்டு, கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். கீழ் வீட்டாருக்கும் உடனே சொல்லுங்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் இவ்வருடம் பாத்தியே வேண்டாம். பழைய பெயின்ற் வாளியிலும் கொச்சி நன்றாகக் காய்க்கும். வாளியின் அடியில் துளை போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கொச்சிக்கு முன் நுளம்பு குடியேறிவிடும்.