இக்கரையும் பச்சைதான்

"இக்கரைக்கு அக்கரை பச்சை" என்பது பெரியோர் வாக்கு. ஆண்டுதோறும் பள்ளிச் சுற்றுலா பற்றிய பேச்சு எழும்போது இப்பழமொழியின் உண்மை நமக்கு நன்கு விளங்குகிறது. மாமல்லபுரம், வண்டலூர், கிண்டி என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. ராயபுரம் என்றோ, திருவொற்றியூர் என்றோ, எண்ணூர் என்றோ ஒருவரும் வாய் திறப்பதில்லை. "அங்கே பார்க்க என்ன இருக்கிறது? லாரியும் புகையும்தானே!" என்று நாமே சொல்லிச் சிரிக்கிறோம். வெளியூர் உறவினர் "எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்று கேட்டால், நம்மில் சிலர் ஊரின் பெயரைச் சொல்லக் கூசி, "சென்னையில்" என்று மட்டும் சொல்லி நழுவி விடுகிறோம். இந்தக் கூச்சம் தேவையற்றது என்பது எங்கள் கருத்து.

தோழியரே, பூகோள வகுப்பில் படித்ததைச் சற்றே நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு எனப்படும். சென்னையில் தீவு என்றதும் பொருட்காட்சி நடக்கும் தீவுத்திடல்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். ஆனால் சென்னை வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நமக்குக் கிழக்கே வங்கக் கடல். தெற்கே கூவம். வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கும் கொசஸ்தலையாறு. மேற்கே கூவத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் பக்கிங்காம் கால்வாய். இந்த வடபகுதிக் கால்வாய் 1806ஆம் ஆண்டில் உப்புநீர்க் கால்வாயாக வெட்டப்பட்டது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் ஒரு காலத்தில் இதன் வழியேதான் நகருக்கு வந்தன. 1876 முதல் 1878 வரை வாட்டிய கொடும் பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. அதன்பின் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது. ஆக, ஜார்ஜ் டவுன் முதல் எண்ணூர் வரை நாம் வாழ்வது ஒரு தீவிலேதான்! மனிதர் கையால் வெட்டிய ஒரு கரை அதற்கு உண்டு, அவ்வளவே.

இந்தத் தீவில் கண்டு மகிழத்தக்க பூங்காக்களும், திறந்த வெளியில் நிற்கும் கலைச் செல்வங்களும் உண்டு. அவற்றுள் முதலில் சொல்ல வேண்டியது மாடிப் பூங்கா. பழைய ஜெயில் சாலையில் தினமும் எத்தனையோ பேர் இதைக் கடந்து செல்கிறார்கள். ஏறிப் பார்த்தவர் மிகச் சிலரே. 1758, 1759ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டது. அதன்பின் ஹைதர் அலியின் படையும் நகரை அச்சுறுத்தியது. எனவே கும்பெனியார் நகரைச் சுற்றி ஒரு பெரு மதில் எழுப்பினர். அச்செலவுக்காக வரி விதிக்க நினைத்ததால் வந்த பெயரே இன்றும் நாம் வழங்கும் வால்டாக்ஸ் சாலை. அந்த மதில் ஏறக்குறைய முழுதும் மறைந்து விட்டது. எஞ்சி நின்ற ஒரு துண்டின் மேல் 1950களில் நகராட்சி அமைத்ததுதான் மாடிப் பூங்கா. பகைவரைத் தடுக்க எழுப்பிய சுவரின் தலையில் செடி கொடிகளை வளர்க்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியதே, அந்த எண்ணம் எவ்வளவு அழகானது!

அடுத்து, பழைய வண்ணாரப்பேட்டையை ஒட்டிய அறிஞர் அண்ணா பூங்கா. முன்பு இதற்கு ராபின்சன் பூங்கா என்று பெயர். 1949ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது இவ்விடத்தில்தான். எந்தக் கட்சியைச் சார்ந்தவராயினும், தமிழ்நாட்டின் வரலாறு திரும்பிய இடங்களுள் இதுவும் ஒன்று என்பதை மறுக்க முடியாது. பாடப் புத்தகத்தில் வரும் இடம் நம் வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது! அங்கிருந்து சிறிது தொலைவில் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை புறப்பட்டது. அதன் உயர்ந்த தூண்களைச் சாலையில் நின்றே பார்க்கலாம். சீட்டு வாங்க வேண்டியதில்லை. காசிமேட்டில் கரையேற்றி வைத்த படகுகளைப் பாருங்கள். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு வண்ண ஓவியம். கலைக்கூடத்தில் சட்டம் போட்டு மாட்டிய படம் சுவரிலேயே இருக்கும். இந்த ஓவியங்களோ விடியுமுன் கடலுக்குப் போய் நமக்கு மீன் கொண்டு வருகின்றன.

திருவொற்றியூரில் தியாகராஜர் கோயில் ஒரு சிற்பக் கருவூலம் என்றால் மிகையாகாது. ஆதிபுரீசுவரர் சந்நிதியின் விமானம், படுத்திருக்கும் யானையின் பின்புறம்போல வளைந்த தூங்கானை மாடம். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் கட்டப்பட்டது. கட்டியவன் வீரசோழத் தச்சன் என்னும் இரவி என்று கல்வெட்டு கூறுகிறது. எத்தனையோ பெருங்கோயில்களைக் கட்டியவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே உளி பிடித்தவனின் பெயரைக் கல்லே காத்து வைத்திருக்கிறது. சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தது இக்கோயில் மகிழ மரத்தடியில் என்பர். கடற்கரைப் பக்கம் போனால் பட்டினத்தார் சமாதி. எச்சமயத்தவராயினும் கலையையும் வரலாற்றையும் மதிப்போர் காண வேண்டிய இடங்கள் இவை.

எண்ணூர் முகத்துவாரம் யாரும் நட்டு வளர்க்காத தோட்டம். ஆறும் கடலும் கலக்கும் அந்தச் சேற்றில் அலையாத்தி மரங்கள் தம் மூச்சு வேர்களை மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இறாலும் நண்டும் அவற்றின் அடியில் வளர்கின்றன. கொக்கும் நாரையும் அவற்றைத் தேடி வருகின்றன. புயல் வரும்போது கரைக்கு வேலியும் இம்மரங்களே. அப்பால் தெரிவது காட்டுப்பள்ளி, பழவேற்காடு நோக்கி நீளும் இன்னொரு தீவு.

இவ்வளவு இருந்தும் நம் தீவு ஏன் பிறர் கண்ணில் படவில்லை? காரணங்களுள் ஒன்று மணலிலேயே இருக்கிறது. நம் கடற்கரையில் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்கிறது. 1870களில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கியதும் அம்மணல் தெற்கே தங்கி விட்டது. மெரினா அகன்றது, நம் கரையோ ஆண்டுக்கு ஆண்டு மெலிந்தது. வீடுகளும் தெருக்களும் கடலுக்குப் போயின. கருங்கற்களைக் கொட்டித்தான் மிச்சத்தைக் காக்க வேண்டியிருக்கிறது. மெரினாவில் மாலைக் காற்று வாங்குவோர் காலடியில் இருப்பது நம் பங்கு மணலும்தான்! போதாக்குறைக்கு, அனல் மின் நிலையச் சாம்பல் முகத்துவாரத்தின் ஆழத்தைக் குறைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படிந்தது. படகும் வலையும் அலையாத்தி வேர்களும் கறுத்துப் போயின. மீனவர்கள் வாளிகளில் எண்ணெயை அள்ளினார்கள்.

இதைச் சொல்வதால் நாங்கள் ஆலைகளைப் பழிக்கிறோம் என்று பெற்றோர் எண்ண வேண்டாம். 1948ஆம் ஆண்டு முதல் எண்ணூரில் இயங்கி வரும் மோட்டார் தொழிற்சாலை போன்றவையும், துறைமுகமும்தான் நம்மில் பல வீடுகளில் அடுப்பு எரியக் காரணம். அப்பா, அண்ணன்மார் சிந்தும் வியர்வையில்தான் நாம் படிக்கிறோம். ஆனால் சோறு தரும் ஊர் பூவும் தரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே! உழைத்துக் களைத்து வருவோர்க்கு நிழல் மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை அல்லவா? "கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் பெண் பிள்ளைகளை எப்படி அனுப்புவது?" என்ற பெற்றோர் அச்சம் நியாயமானதே. அதற்கு வழி, ஆசிரியையருடன் பள்ளிப் பேருந்தில் செல்வது; போகாமலே இருந்துவிடுவது அன்று.

பிறர் செய்ததையும் பார்ப்போம். இலங்கைத் தீவுக்குச் செல்வோர் அனைவரும் பேராதனைப் பூங்காவைக் காண்பர். ஆனால் பேருவளைக்கு அருகே, ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தை பெவிஸ் பாவா என்பவர் 1929 முதல் சிறுகச் சிறுக ஓர் அழகிய உத்தியானமாக ஆக்கினார். பிரீஃப் தோட்டம் என்று பெயர். அங்கே மரங்களிடையே சிற்பங்களும் நிற்கின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? தென்சென்னையில் கண்ணகி நகர் என்றாலே முகம் சுளித்தவர்கள் உண்டு. 2020ஆம் ஆண்டில் அக்குடியிருப்பின் சுவர்களில் ஓவியர்கள் பெரிய பெரிய ஓவியங்களைத் தீட்டினர். இன்று அவற்றைக் காணவே அங்கு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஓவியம் வேலையும் குடிநீரும் தந்துவிடாது என்பது உண்மை. ஆயினும் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது தலை குனியாமல் இருக்க அது கைகொடுக்கிறது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இவை. அருட்சகோதரியரும் ஆசிரியையரும் ஆண்டில் ஒரு நாளை நம் தீவுச் சுற்றுலாவுக்கு ஒதுக்க வேண்டும். மாடிப் பூங்காவில் தொடங்கி முகத்துவாரத்தில் முடித்தால் வரலாறு, பூகோளம், விஞ்ஞானம் மூன்றையும் ஒரே நாளில் படித்து விடலாம். மாணவியராகிய நாம் ஓவிய வகுப்பில் மலையையும் குடிசையையும் மட்டுமே வரையாமல், காசிமேட்டுப் படகையும் மகிழ மரத்தையும் வரைவோம். பெற்றோர் வீட்டு வாசலில் புன்னையோ பூவரசோ ஒன்று நட்டு வளர்க்கலாம். உப்புக் காற்றைத் தாங்கி நிற்கும் மரங்கள் அவை. நம் பூங்காக்களைக் கவனிக்குமாறு மாநகராட்சிக்குக் கடிதம் எழுதலாம். கடிதம் எழுதத்தான் தமிழ் வகுப்பில் கற்றிருக்கிறோமே!

பார்க்காத இடத்தின்மேல் பற்று வராது. பற்று இல்லாத இடத்துக்கு ஒரு தீங்கு நேர்ந்தால் கேட்பார் இருக்க மாட்டார்கள். நம் மாடிப் பூங்காவும் முகத்துவாரமும் நாளை இருக்க வேண்டுமானால், முதலில் நாம் போய்ப் பார்க்க வேண்டும். தோழியரே, இனி யாரேனும் ஊர் எது என்று கேட்டால், ராயபுரம் என்றும் எண்ணூர் என்றும் நிமிர்ந்து நின்று சொல்லுங்கள்.