ஆற்றுக்கு மீனா, மீனுக்கு ஆறா?

ஓர் ஆற்றில் மீன்வளம் குறைந்துவிட்டால் என்ன செய்வது? பண்ணையில் வளர்த்த மீன்களைக் கொண்டுவந்து ஆற்றில் விட்டால் போதும் என்றே பலரும் கூறுவர். கேட்பதற்கு இது நல்ல யோசனையாகத்தான் இருக்கிறது. ஆனால், அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் ஓடும் மேடிசன் ஆற்றின் கதை வேறு. ஆற்றுக்கு மீனைக் கொடுப்பதைவிட மீனுக்கு நல்ல ஆற்றைக் கொடுப்பதே சிறந்தது என்பதை அந்த ஆறு உணர்த்துகிறது.

மேடிசன் ஆறு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் தொடங்குகிறது. மலைப் பள்ளத்தாக்குகளின் வழியே வடக்கு நோக்கி ஓடி, வேறு இரண்டு ஆறுகளுடன் கலந்து மிசௌரி ஆறாக உருவெடுக்கிறது. குளிர்ந்த, தெளிந்த நீரில் வாழும் டிரவுட் மீன்களுக்கு இந்த ஆறு புகழ்பெற்றது. அவற்றைப் பிடிப்பதற்காகவே தொலைவிலிருந்தும் மக்கள் இங்கு வருகின்றனர்.

இங்கு மீன்பிடிக்கும் முறை தனித்தன்மை வாய்ந்தது. தூண்டிலில் புழுவை மாட்டுவதில்லை. இறகு, விலங்கு முடி, நூல் ஆகியவற்றைத் தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டி, பூச்சியைப் போன்ற உருவத்தைச் செய்கின்றனர். அந்தப் போலிப் பூச்சியை நீரோட்டத்தில் மிதக்க விடுகின்றனர். இயந்திரம் இல்லாத, தட்டையான அடிப்பாகம் கொண்ட படகில் ஆற்றோடு செல்கின்றனர். படகின் நடுவே வழிகாட்டி அமர்ந்திருப்பார். அவர் ஆறு ஓடும் திசையைப் பார்த்தபடியே, நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போடுவார். படகை விரைவாகச் செலுத்துவது அவர் வேலையன்று. அதன் வேகத்தைக் குறைப்பதே அவர் வேலை. படகு மெல்ல நகர்ந்தால்தான், முன்னும் பின்னும் இருப்பவர்கள் பாறைகளின் மறைவில் நிற்கும் மீன்களை நோக்கித் தூண்டிலை வீச முடியும். பிடித்த மீனைப் பெரும்பாலோர் மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுகின்றனர்.

முன்பு, இந்தப் பொழுதுபோக்குக்காக மாநில அரசு பல ஆண்டுகளாகப் பண்ணை மீன்களை ஆற்றில் விட்டுவந்தது. 1960களின் பிற்பகுதியில் டிக் வின்சென்ட் என்னும் மாநில மீன்வள உயிரியலாளர் மேடிசன் ஆற்றின் மீன்களை எண்ணி ஆராயத் தொடங்கினார். பண்ணை மீன்கள் விடப்படும் பகுதியில், ஆற்றிலேயே பிறந்த மீன்கள் குறைவாக இருப்பதைக் கண்டார். இதை உறுதிப்படுத்த ஒரு சோதனை நடந்தது. ஆற்றின் ஒரு பகுதியில் பண்ணை மீன்களை விடுவது நிறுத்தப்பட்டது. அதே சமயம், அதுவரை பண்ணை மீன்கள் விடப்படாத ஓர் ஓடையில் அவை விடப்பட்டன. நிறுத்திய இடத்தில் ஆற்று மீன்கள் பெருகின. புதிதாக விட்ட இடத்தில் அவை குறைந்தன.

ஆய்வாளர்கள் இதற்குத் தரும் விளக்கம் எளிதானது. ஆற்றில் பிறந்த டிரவுட், இரை எளிதில் கிடைக்கும் ஓர் இடத்தைத் தனதாக்கிக்கொண்டு வாழ்கிறது. தொட்டியில் நெருக்கமாக வளர்ந்து, மனிதர் போட்ட தீனியைத் தின்ற பண்ணை மீனுக்கு இந்த ஒழுங்கு தெரியாது. கூட்டமாக வந்து இறங்கும் பண்ணை மீன்கள் ஆற்று மீன்களின் அமைதியைக் குலைக்கின்றன. ஓயாத போட்டியில் இரு வகை மீன்களும் வலுவிழக்கின்றன. உதவி என்று நினைத்துச் செய்தது உபத்திரவமாக முடிகிறது.

இந்த ஆய்வின் முடிவை எல்லாரும் வரவேற்கவில்லை. மீன் விடுவதை நிறுத்தினால் மீன்பிடிக்க வருவோர் குறைவர், வருமானம் போய்விடும் என்று பலர் எதிர்த்தனர். அவர்களின் அச்சத்தைக் குறை கூற முடியாது. வழிகாட்டிகள், கடைக்காரர்கள், விடுதி நடத்துவோர் எனப் பலரின் வாழ்க்கை அந்த ஆற்றை நம்பியிருந்தது. ஆயினும், 1974ஆம் ஆண்டில் மொண்டானா மாநிலம், டிரவுட் தானே பெருகி வாழக்கூடிய ஆறுகளில் பண்ணை மீன்களை விடுவதைக் கைவிட்டது. ஏரிகளில் மட்டும் அது தொடர்ந்தது. மீன் முட்டையிட வழியில்லாத நீர்நிலைக்கு அது பொருந்தும்; உயிருள்ள ஆற்றுக்குப் பொருந்தாது.

இருபது ஆண்டுகள் கழித்து அந்த முடிவுக்கு ஒரு கடுஞ்சோதனை வந்தது. இளம் மீன்களைச் சுழன்று சுழன்று நீந்தவைத்துக் கொல்லும் ஓர் ஒட்டுண்ணி நோய் 1994இல் மேடிசன் ஆற்றில் கண்டறியப்பட்டது. ஆற்றின் மேற்பகுதியில் வானவில் டிரவுட் மீன்கள் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்துபோயின. அப்போது, மீண்டும் பண்ணை மீன்களைக் கொட்டி ஆற்றை நிரப்புவது எளிதாக இருந்திருக்கும். ஆனால், அதிகாரிகள் பொறுமை காத்தனர். பின்வந்த ஆண்டுகளில் மீன்கள் தாமாகவே மெல்ல மெல்லப் பெருகின.

மீன்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. கோடைக்காலத்தில் நீர் சூடாகும்போது அதில் கரைந்துள்ள உயிர்வளி குறைகிறது. அந்நேரத்தில் தூண்டிலில் சிக்கிப் போராடும் டிரவுட், விடுவிக்கப்பட்ட பிறகும் இறக்கக்கூடும். ஆகவே, ஆற்று நீரின் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள்கள் ஏறத்தாழ 23 பாகை செல்சியஸை எட்டினால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை விதிக்கப்படலாம். அத்தகைய நாள்களில் வழிகாட்டிகள் விடியற்காலையிலேயே படகை இறக்கி, நண்பகலுக்குப் பின் கரையேறிவிட வேண்டும்.

விளையாட்டுக்காக மீனைப் பிடித்து விடுவதும் வதைதானே என்று கேட்போர் உள்ளனர். அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நனைந்த கையால் மீனைத் தொடுவதும் அதை நீருக்குள் வைத்தபடியே முள்ளை எடுப்பதும் துன்பத்தைக் குறைக்குமே தவிர, முற்றிலும் நீக்கிவிடா. ஆற்றை விரும்புவோர், எப்போது மீன்பிடிக்கக் கூடாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு அதுவே காரணம்.

இயற்கைக்கு எதையாவது கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணுவது மனித இயல்பு. மீன் விடுவதைப் படமெடுத்துக் காட்டலாம். காத்திருப்பதைக் காட்ட முடியாது. ஆனால், மேடிசன் ஆற்றைக் காத்தது காத்திருப்புத்தான். ஆற்று வழியே செல்லும் படகோட்டி விரைந்து செல்வதற்காகத் துடுப்புப் போடுவதில்லை. வேகத்தைக் குறைத்து, ஆற்றைக் கவனித்துச் செல்லவே போடுகிறார். ஆறுகளைப் பாதுகாக்க விரும்பும் எவரும் அவரிடம் கற்கவேண்டிய பாடம் அதுவே.