கப்பல் சுமந்துவரும் நீர்

சரக்கிறக்கிய கப்பல் வெறுமையாய்க் கடலேறினால் தள்ளாடும் என்பதை நாம் அறிவோம். ஆகவே அது துறைமுக நீரைத் தன் தொட்டிகளில் நிரப்பிச் செல்கிறது. மறுதுறையில் சரக்கேற்றுகையில் அந்நீரை வெளியேற்றுகிறது. நீரோடு அயற்கடல் உயிர்களும் இறங்குகின்றன.

1980-களில், அமெரிக்கக் கரைக்குரிய சீப்பு இழுதுயிர் ஒன்று கருங்கடலுள் இவ்வாறே புகுந்ததென அறிஞர் கருதுகின்றனர். அங்கே அது பல்கிப் பெருகி, நெத்தலியின் இரையையும் முட்டைகளையும் உண்டது. அளவுமீறிய மீன்பிடிப்பும் சேர, அப்பத்தாண்டின் இறுதியில் நெத்தலிப்பாடு வீழ்ந்தது. மீனவர் குடும்பங்கள் வருந்தின.

2004-இல் உருவான உலக உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் ஆழ்கடலில் நீரை மாற்றுவதே போதுமாயிருந்தது. இன்றோ கப்பலிலேயே அதனைத் தூய்மைப்படுத்திய பின்னரே வெளியேற்ற வேண்டும். செலவு மிகுதியே. எனினும், நம் கப்பல் நிலைத்து நிற்க அயலான் வலை வெறுமையாதல் முறையாகுமோ?