நம்பரை அடித்தால் வண்டி தெரிந்துவிடாது

"வண்டி நம்பரை போன்ல அடிங்க சார், மொத்த ஜாதகமும் வந்துடும். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

விருத்தாசலத்தில் பழைய கார் தேடி அலைகிற எவரும் இந்த வசனத்தைக் கேட்காமல் வீடு திரும்ப முடியாது. புரோக்கர் சொல்கிறார். ஆட்டோ கன்சல்டிங் கடைக்காரர் சொல்கிறார். செல்போன் விளம்பரம் சொல்கிறது. "என்.எல்.சி. ஆபீசர் வச்சிருந்த வண்டி, சிங்கிள் ஓனர், வேணும்னா நீங்களே நம்பரைப் போட்டுப் பார்த்துக்குங்க" என்று பாலக்கரையில் நின்று ஒருவர் அடித்துப் பேசும்போது, வாங்க வந்தவருக்கு மேற்கொண்டு கேட்க வாய் வருவதில்லை. போனில் தெரிவது அரசாங்கத் தகவலாயிற்றே, அதை எப்படிச் சந்தேகிப்பது?

வருஷக்கணக்காக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் மிச்சம். இதை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பவர்கள், செராமிக் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கேரியரும் அகல் விளக்கும் பொம்மையும் செய்து, சூளைச் சூட்டில் நின்று சம்பாதித்தவர்கள். முந்திரியும் மல்லாட்டையும் விற்ற காசைக் கொண்டுவருகிற சுற்றுவட்டாரத்து விவசாயிகள். அவர்கள் தலையில் கட்டப்படும் இந்த வசனத்தை ஒவ்வொரு கூற்றாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

கூற்று ஒன்று: "எல்லாமே அதுல பதிவாகியிருக்கும்."

இருக்காது. அரசின் வண்டிப் பதிவுத் தரவுத்தளமான வாகனில் ஒரு நம்பரைப் போட்டால் என்னென்ன வரும் என்று பாருங்கள். பதிவான நாள், வண்டியின் வகை, மாடல், எரிபொருள், எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸும் புகைச் சான்றும் எதுவரை, யாரிடம் கடன், கறுப்புப் பட்டியலில் உண்டா இல்லையா. உரிமையாளர் பெயரில் பாதி எழுத்துகளை மறைத்துவிடுவார்கள். வண்டி ஓடிய கிலோமீட்டர் அதில் கிடையாது. லாரியில் மோதி முன்பக்கம் முழுக்க டிங்கரிங் பார்த்த கதை கிடையாது. 2015 நவம்பரில் நம் கடலூர் மாவட்டமும், டிசம்பரில் சென்னையும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மறுபடி மூழ்கியது. சீட்டு வரை தண்ணீரில் நின்ற கார்களைக் கழுவித் துடைத்து, சீட் கவர் மாற்றி விற்றார்கள். அந்த வண்டிகளின் ஆர்.சி.யில் வெள்ளம் என்று ஒரு வார்த்தை ஏறியதா?

அமெரிக்காவில் பல மாநிலங்கள் வெள்ளத்தில் கெட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே அதைப் பொறித்துவிடுகின்றன. 1984இல் அங்கே தொடங்கிய கார்ஃபாக்ஸ் போன்ற நிறுவனங்கள் அப்படிப்பட்ட பதிவுகளைத் திரட்டித்தான் அறிக்கை விற்கின்றன. அங்கேயே பிழை வருகிறது, வழக்கு வருகிறது. இங்கே அந்த முத்திரையே கிடையாது. இல்லாத பதிவை எந்த அறிக்கை எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்?

கூற்று இரண்டு: "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

கம்ப்யூட்டரில் அடித்தது மனிதர். கணினி வருவதற்கு முன்னால் பேரேட்டில் கையால் எழுதப்பட்ட பதிவுகளைப் பிற்பாடு ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்துதான் தரவுத்தளத்தில் ஏற்றினார். பேக்லாக் என்று அதற்குப் பெயர். மங்கிய மை, அவசரக் கையெழுத்து, மேஜையில் மலைபோலக் கட்டுகள். பிழை வராமல் எப்படி இருக்கும்?

சேஸ் நம்பர் ஒன்றே போதும். அது 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. 1 என்ற எண்ணோடு குழம்பும் என்று ஆங்கில 'ஐ' எழுத்தையும், பூஜ்யத்தோடு குழம்பும் என்று 'ஓ', 'க்யூ' எழுத்துகளையும் அதில் சேர்க்கவே கூடாது என்பது உலக அளவிலான விதி. பார்த்து எழுதுகிறவர் தடுமாறுவார் என்று தெரிந்துதான் அந்த விதியையே போட்டார்கள். அப்படியும் 5க்கும் 'எஸ்'ஸுக்கும், 8க்கும் 'பி'க்கும், 2க்கும் 'இசட்'டுக்கும் உள்ள குழப்பம் தீரவில்லை. முதல் நாள் விழுந்த பிழையை இன்சூரன்ஸ்காரர் அப்படியே படியெடுக்கிறார். ஃபைனான்ஸ்காரர் படியெடுக்கிறார். அடுத்த உரிமையாளரின் ஆர்.சி.யிலும் அதுவே அச்சாகிறது. ஐந்து இடத்தில் ஒரே மாதிரி இருப்பதால் அதுதான் சரி என்று ஆகிவிடுகிறது. பச்சைப் பாண்டத்தில் விழுந்த கீறல் கிளேஸ் பூசினால் மறையும், சூளைக்குப் போனால் வாய் பிளக்கும். விபத்து நஷ்டஈடு கேட்டு நிற்கும் நாள்தான் இந்தப் பிழைக்குச் சூளை.

கூற்று மூன்று: "ஓர் எழுத்துதானே சார்."

அந்த ஓர் எழுத்தால்தான் வண்டியும் ஆர்.சி.யும் வேறு வேறு என்று ஆகிறது. அது திருட்டு வண்டியின் அடையாளம். வழியில் நிறுத்திச் சோதிக்கிற போலீஸ்காரரிடம் "டைப்பிங் மிஸ்டேக்" என்று சொல்லிப் பாருங்கள்.

கூற்று நான்கு: "கடன் அடைச்சாச்சு, என்ட்ரி மட்டும்தான் நிக்குது."

என்ட்ரி நிற்கும்வரை கடனும் நிற்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். கடன் கொடுத்தவர் பெயர் பதிவில் இருக்கும்போது அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் உரிமை மாற்றத்தைப் பதிவு செய்யக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவு சொல்கிறது. கடனை அடைத்தவர் படிவம் 35இல் ஃபைனான்ஸ்காரர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, தடையில்லாக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் எச்.பி. என்கிற அந்தக் கடன் என்ட்ரி கேன்சல் ஆகும். கடைசித் தவணை கட்டிய சந்தோஷத்தில் பலர் இதைச் செய்யாமல் விடுகிறார்கள். ஃபைனான்ஸ் கம்பெனி இன்னொன்றோடு சேர்ந்துபோனாலோ ஊரைக் காலி செய்துவிட்டாலோ அந்தக் கையெழுத்தைத் தேடி அலைய வேண்டியவர் வண்டியை வாங்கியவர். பேசும்போது இனித்த புரோக்கர் அன்றைக்குப் போனை எடுக்கமாட்டார்.

கூற்று ஐந்து: "ஆர்.சி. யார் பேர்ல இருந்தா என்ன, டெலிவரி நோட் இருக்கே."

விற்றவர்கள் இதை நம்பித்தான் நடுத்தெருவுக்கு வந்தார்கள். நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வண்டி 2007இல் விற்கப்பட்டு, கை மாறிக் கை மாறி, 2009இல் விபத்தில் சிக்கியபோதும் ஆர்.சி.யில் முதல் ஆள் பெயரே இருந்தது. பதிவில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுக்கும் அவர்தான் பொறுப்பு என்று தீர்ப்பு. விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 50ஆம் பிரிவு கெடு வைத்திருப்பது இதற்காகத்தான். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் வாங்கி, பெயர் எழுத வேண்டிய இடத்தை வெற்றாக விட்டு, நாலு கை மாற்றி விற்பது நம் கன்சல்டிங் கடைகளில் பழகிப்போன வழக்கம். "சிங்கிள் ஓனர்" என்று போனில் தெரிகிற பல வண்டிகள் இந்த வழியில் வந்தவைதான். இதைத் தடுக்க, 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.வில் அங்கீகாரம் பெற வேண்டும், கடைக்கு வந்த வண்டியைப் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. வண்டி வாங்கப் போகும் கடையில் அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே நின்றுபோகும் கடைகளும் உண்டு.

கூற்று ஆறு: "தப்பு இருந்தா ஆன்லைன்லயே திருத்திக்கலாம்."

என்னை எழுத உட்காரவைத்தது இந்தக் கூற்றுதான். மற்றவற்றை வியாபாரப் பேச்சு என்று ஒதுக்கிவிடலாம். இது, அடிபட்டவனையே குற்றவாளியாக்குகிற பேச்சு. பிழையைச் செய்தவர் ஒருவர், அதை விற்றுக் காசாக்கியவர் இன்னொருவர், திருத்த வேண்டியது மட்டும் நீங்கள்.

என் காருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் மாற்றத்துக்காகச் சேஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்தோம். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, நம்பர் வெட்டியிருந்த இடத்தின் பிசுக்கைத் துணியால் துடைத்து, வெள்ளைத் தாளை அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். கறுப்புப் படலத்துக்குள் ஒவ்வோர் எழுத்தாக வெள்ளையாக எழும்பி வந்தது. தாளில் 8. ஆர்.சி.யில் 'பி'. தனியார் நிறுவனம் ஒன்றிடம் காசு கொடுத்து வாங்கிய வண்டி வரலாற்று அறிக்கையிலும் 'பி'.

அறிக்கை விற்ற நிறுவனத்தைக் கேட்டேன். எங்களுக்கு வருகிற தரவைத்தான் காட்டுகிறோம், ஆர்.டி.ஓ.வில் பாருங்கள் என்றார்கள். அப்படியே அவர்களுடைய நிபந்தனைகளின் அடியில் பொடி எழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், முதல் பதிவின்போது கொடுத்த விற்பனைச் சான்று, அதாவது படிவம் 21, தயாரிப்பாளர் தந்த படிவம் 22 இரண்டையும் கொண்டுவரச் சொன்னார்கள். அந்தக் காகிதங்களைப் பெற்றுக்கொண்டு வண்டியைப் பதிவு செய்ததே ஆர்.டி.ஓ. அலுவலகம்தான். அவர்கள் கோப்பில் இருக்க வேண்டியதை நான் கொண்டுவர வேண்டும். விற்ற ஷோரூம் மூடிப் பல காலம் ஆகிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனியோ, ஆர்.சி. திருந்தி வந்தால் பாலிசியைத் திருத்துகிறோம் என்றது. ஆர்.சி.யைத் திருத்தப் போனால், இன்சூரன்ஸிலும் இதே நம்பர்தானே இருக்கிறது என்று கேட்டார்கள். கடைசியில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் சொல்கிற மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் பதிவு திருந்தியது. ஆன்லைன் எதையும் திருத்தவில்லை. பானெட்டுக்குள் குனிந்து பார்த்த ஒரு மனிதரின் கண்தான் திருத்தியது.

அதன் பிறகும் அந்தத் தனியார் அறிக்கையில் பழைய நம்பரே வந்தது. ஊற்றில் திருத்தியது வாய்க்காலுக்கு வந்து சேரவில்லை. 2019இல் மத்திய அரசு வாகனப் பதிவுத் தரவை மொத்தமாக விற்கும் கொள்கையைக் கொண்டுவந்து, நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் விலை வைத்தது. தனியுரிமைக் கவலை எழுந்ததும் 2020இல் அதைக் கைவிட்டது. விலைக்குப் போன அந்தப் பிரதிகளில் இருந்த பிழைகளை யார் போய்த் திருத்தினார்கள்? அந்த விலையில், பிழையான பதிவுக்குச் சொந்தக்காரனுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கப்பட்டதா?

பிழையைக் கெடு வைத்துத் திருத்துவது முடியாத காரியம் என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். கடன் வரலாற்று அறிக்கையில், சிபில் என்று நாம் சொல்கிறோமே அதில், பிழை என்று புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் தீர்த்தாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி இதை உத்தரவாகப் போட்டது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வங்கிக்காரர் செய்த பிழைக்குக் கெடுவும் உண்டு, தண்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்திலோ விற்றவருக்கு 14 நாள், வாங்கியவருக்கு 30 நாள். பதிவேட்டில் அலுவலகமே செய்த பிழையைத் திருத்த அலுவலகத்துக்கு மட்டும் கெடு இல்லை. கடன் பதிவில் ஒரு தவணை தப்பாக ஏறினால் ஒருவனுக்கு லோன் கிடைக்காமல் போகும். வண்டிப் பதிவில் ஓர் எழுத்து தப்பாக ஏறினால் விபத்தில் செத்தவன் குடும்பத்துக்கு நஷ்டஈடே இழுபறியாகும். எதற்குக் கடுமையான கெடு வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

"கம்ப்யூட்டரே வேண்டாம் என்கிறாயா?" என்று கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. போனில் பாருங்கள். பார்த்துவிட்டு வண்டியையும் பாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். கடன் என்ட்ரி இருந்தால் படிவம் 35 கைக்கு வராமல் பாக்கிப் பணத்தை எண்ணாதீர்கள். பிழை இருந்தால் அதை விற்பவர் செலவில், விற்பவர் பெயரில் வண்டி இருக்கும்போதே திருத்தச் சொல்லுங்கள். உங்கள் பெயருக்கு மாறிய பிறகு அந்தப் பிழை உங்கள் சொத்து.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. பதிவேட்டுப் பிழைக்கு 30 நாள் கெடு வையுங்கள். தாமதித்தால் தண்டம் வையுங்கள். திருத்திய பதிவு, அறிக்கை விற்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அன்றைக்கே போய்ச் சேரட்டும். இவை நடக்கும்வரை "நம்பரை அடிச்சா போதும்" என்று சொல்லி வண்டி விற்பவரிடம் வண்டி வாங்காதீர்கள்.