அம்மி யாருடையது?

"அசல் மெக்சிகோ சமையலுக்கு நல்ல புத்தகம் ஒண்ணு சொல்லுங்க தோழர்" என்று கேட்டார் மாணவ நண்பர் ஒருவர். அசல் என்றால் யாருடைய அசல்?

விடுதலை பெற்ற மெக்சிகோவின் முதல் சமையல் நூல் 1831இல் வந்தது. அந்த நூற்றாண்டின் மேட்டுக்குடிக்குக் கோதுமையும் ஐரோப்பியப் பக்குவமும்தான் நாகரிகம். மக்காச்சோளம் பூர்வகுடிகளின் தீனி. 1899இல் பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற அரசியல்வாதி மனிதர்களைக் கோதுமை இனம், அரிசி இனம், சோள இனம் என்று பிரித்தார். பூர்வகுடிகள் பின்தங்கியதற்குச் சோளமே காரணம் என்றார். நிலத்தைப் பிடுங்கியவன் குற்றவாளி இல்லையாம், தின்ற சோளம் குற்றவாளியாம்! தட்டைப் பார்த்து ஆளைத் தாழ்த்தும் வித்தை நமக்குத் தெரியாததா என்ன.

அந்தச் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோல் போகக் கழுவி, 'மெத்தாத்தே' என்ற அம்மியில் மண்டியிட்டு அரைத்தவர்கள் பூர்வகுடிப் பெண்கள். நிஷ்தமால் என்று அதற்குப் பெயர். சோளத்தில் பூட்டிக்கிடக்கும் நியாசின் சத்தைத் திறந்துவிடுவது அந்தச் சுண்ணாம்புதான். ஐரோப்பியன் சோளத்தைக் கொண்டுபோனான், பக்குவத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை. வட இத்தாலியில் சோளக்கூழையே நம்பி வாழ்ந்த ஏழை விவசாயிகள் பெல்லாக்ரா வந்து செத்தார்கள்.

ஆகவே புத்தகம் கைக்கு வந்தால் முதலில் தோர்த்தியா பக்கத்தைப் புரட்டுங்கள். பாக்கெட் மாவில் தொடங்கி, நிஷ்தமால் பற்றி மூச்சே விடவில்லையென்றால் கீழே வைத்துவிடலாம். மெக்சிகோவுக்கு ஒரே சமையல் என்று பேசுகிற புத்தகத்தையும்தான். ஓஹாக்கா வேறு, யுகத்தான் வேறு.

டயானா கென்னடி பிரிட்டனில் பிறந்தவர். அவருடைய முதல் புத்தகம் 1972இல் வந்தது. தலைப்பிலேயே சமையலைப் பன்மையில் சொன்னார். ஊர் ஊராக வண்டியோட்டிப் போய்க் கற்றவர், கற்றுக்கொடுத்த பெண்களின் பெயரையும் எழுதினார். அதற்காகவே படிக்கலாம். ஆனாலும் அட்டையில் ஒரே பெயர்தானே?

என் கட்சி வேறு. மெக்சிகோ அரசின் பண்பாட்டுத் துறை, பூர்வகுடி மற்றும் வெகுமக்கள் சமையல் என்று 50க்கும் மேற்பட்ட சிறுநூல்களை வரிசையாகக் கொண்டுவந்தது. மொரேலோஸ் நவா மக்களுக்கு ஒன்று, வெராக்ருஸ் கடற்கரையின் தொத்தொனாக்கு மக்களுக்கு ஒன்று என்று போகும். பளபளப்புப் படம் தேடாதீர்கள். அந்தந்த மக்களின் அடுப்பு அதில் எரிகிறது, அது போதும் எனக்கு.

"ஸ்பானிஷ் தெரியாதே" என்றார் நண்பர்.

அகராதியைப் பக்கத்தில் வெச்சுக்குங்க. வறு, அரை, ஊறவை, கொதிக்கவிடு. முப்பது வினைச்சொல் தேறினால் ஒரு நூலை முடித்துவிடலாம்.