ஐ.சி.யூ-வில் தாத்தா ஏன் பேசவில்லை?

ஐ.சி.யூ-வில் தாத்தா, பெற்ற மகளையே 'நீ யாரு?' என்றால் வீடே பதறிப்போகும். பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால்? 'பாவம், அசதி' என்று விட்டுவிடுவோம். இரண்டுமே 'டெலிரியம்' எனும் திடீர் மனக்குழப்பமாக இருக்கலாம். கண்ணில் படாமல் தப்புவது பெரும்பாலும் இந்த அமைதி ரகம்தான்.

இதை முன்கூட்டியே கணிக்கும் மெஷின் லேர்னிங் மாடல்களை, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்டார்கள். ஒரு மாடல், முதல் 24 மணி நேரத் தகவலை வைத்தே யாருக்கு ஆபத்து அதிகம் என்று சொல்கிறது. இன்னொன்று, நோயாளியின் நிலை மாற மாறக் கணிப்பையும் மாற்றிக்கொள்கிறது.

சரி, எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது? மயக்க மருந்தை முடிந்தவரை குறைப்பார்கள், இரவில் தூங்கவிடுவார்கள். மற்றதெல்லாம் ரொம்ப சாதாரணம். 'இன்னிக்கு செவ்வாய்க்கிழமை தாத்தா' என்று சொல்வது, காது மெஷினை மாட்டிவிடுவது... அவருடைய மூக்குக்கண்ணாடி இப்போது எங்கே? வீட்டு அலமாரியிலா?