தகப்பன் தொழிலைக் கேட்காத கல்லூரி

"ஏட்டுப் படிப்பு எதற்கு? கைத்தொழில் கற்றால் போதாதா? அமெரிக்கனே அப்படித்தானே படிக்கிறான்!" என்று அறிவுரை கூறுவோர் நாட்டிலே பெருகிவிட்டனர். அவர்தம் பிள்ளைகள் எங்கே படிக்கின்றனர் என்று நாம் கேட்கப்போவதில்லை. கேட்டால் முகம் சுளிப்பர். அமெரிக்காவிலே என்னதான் கற்பிக்கின்றனர் என்பதை மட்டும் பார்ப்போம்.

சமுதாயக் கல்லூரிகள் என்று அங்கே உண்டு. 1901-ல் இல்லினாய்ஸ் மாநிலத்து ஜோலியட் நகரிலே தோன்றிய மரபு. குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, 1947-ல், இவை நாடெங்கும் பெருகவேண்டும் என்றது. நிறத்தின் பேரால் எழுப்பப்பட்ட தடைகள் நீங்கவேண்டும் என்றும் அதே அறிக்கை கூறிற்று. இரண்டாண்டுப் படிப்பு. பள்ளியிறுதி முடித்தவர் பெரும்பாலும் எவரும் சேரலாம். பகலெல்லாம் உழைத்த நாற்பது வயதுத் தாயும் மாலை வகுப்பிலே மாணவியாகலாம்.

அங்கே கற்பிக்கப்படும் படிப்புகளுள் ஒன்று மின்-எந்திரப் பொறியியல் தொழில்நுட்பம். ஏன் இரண்டையும் இணைத்தார்கள்?

ஆலையிலே ஒரு மோட்டார் நிற்கிறது. மின்காரர் வருகிறார், ஓவர்லோடு ரிலே விழுந்திருக்கக் கண்டு, மீண்டும் அதனை இயக்கிவிட்டுப் போகிறார். சற்று நேரத்தில் மறுபடியும் விழுகிறது. "எந்திரத்திலே கோளாறு" என்கிறார் அவர். "மின்சாரத்திலே கோளாறு" என்கிறார் எந்திரக்காரர். நடந்தது என்ன? பேரிங் வறண்டு, தண்டு இறுகி, சுமை கூடி, மோட்டார் அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்தது. கம்பிச்சுருள் கருகாமல் காக்க ரிலே தன் கடமையைச் செய்தது. நோய் இரும்பிலே, அறிகுறி மின்சாரத்திலே! இரண்டும் கற்றவனே இதனை விரைந்து காண்பான். எலுமிச்சம்பழம் காணாது, ஆயுதபூசைக்கு மறுநாளும் அதே பேரிங் அதே கூச்சல்தான் போடும்.

ஆகவேதான் அந்த மாணவன் ஓம் விதி கற்கிறான், முக்கோணவியல் கற்கிறான், பற்சக்கரமும் ஹைட்ராலிக்கும் கற்கிறான். எந்த மோட்டார் எப்போது ஓடவேண்டுமெனக் கட்டளையிடும் பி.எல்.சி. பெட்டிக்கு நிரல் எழுதவும் கற்கிறான். மூளையை ஒரு கூட்டத்துக்கும் கையை மற்றவர்க்கும் எழுதிவைத்த மனுவின் சட்டம் அந்தப் பட்டறையிலே ஒரு நாழிகைகூடச் செல்லாது!

அங்கே எல்லாம் தேனாறு என்று நாம் மயங்கவில்லை. கட்டணம் உண்டு, இடையிலே நிற்போர் பலர். உயர்ந்த ஆசையோடு வருவோரின் ஆசையை மெல்லத் தணித்து அனுப்பும் வேலையையும் இக்கல்லூரிகள் செய்கின்றன என்று சமூகவியலார் பர்ட்டன் கிளார்க் 1960-லேயே சுட்டினார். எனினும், உன் தகப்பன் என்ன தொழில் செய்தான் என்ற கேள்வி அதன் வாயிலில் இல்லை.

இங்கே? 1953-ல் ஆச்சாரியார், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகு என்றார். நாடு கொதித்தது, 1954-ல் காமராசர் ஆட்சியிலே அது குழியிலே போயிற்று. எழுபதாண்டு கழித்து, 2023-ல், ஒன்றிய அரசின் விசுவகர்மா திட்டம் வந்தது. குடும்பவழிப் பாரம்பரியத் தொழில் பதினெட்டு. அவற்றிலே சவரம் உண்டு, சலவை உண்டு, செருப்புத் தைத்தல் உண்டு. மின்மோட்டார் இல்லை! சேரும் வயது பதினெட்டு முதல் — ஆம், கல்லூரி வாயிலிலே நிற்கவேண்டிய அதே வயது.

இத்திட்டத்தை இன்றைய வடிவிலே ஏற்க இயலாதென்று தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் மறுத்தது. சரியான மறுப்பு. ஆனால் தோழர்களே, நம் வீட்டிலே என்ன நடக்கிறது? பாலிடெக்னிக்கிலே மெக்கட்ரானிக்ஸ் பட்டயப் படிப்பு இருக்கிறது, முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டிலே நேரே சேரவும் வழி இருக்கிறது. "பாலிடெக்னிக்தானா?" என்று இழுப்பவர் யார்? கையில் எண்ணெய் படும் படிப்பு கௌரவக் குறைவு என்று கருதி, கடன்பட்டேனும் வேறு படிப்பில் மகனைத் தள்ளுபவர் யார்? மேடையிலே மனுவைக் கொளுத்தும் நாமல்லவா! சலவைத் தொழிலாளியின் மகளுக்குக் கடன் கொடுத்துத் துறைக்கே அனுப்பும் திட்டத்தைக் கண்டித்தோம். அவள் கையிலே ஒரு மல்டிமீட்டர் வந்து சேர, மாலை வகுப்பு வேண்டும், உதவித்தொகை வேண்டும் என்று எந்த மாநாட்டிலே தீர்மானம் போட்டோம்?